அண்ணன் பேரில் பதிவு

கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் பேனா இடது கைக்கு மாறிவிடும். பெயர், முகவரி, தகப்பனார் பெயர், படிப்பு என்று விண்ணப்பம் முழுவதையும் வலது கையால் அச்சடித்த மாதிரி எழுதியிருப்பார். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவார். பிறகு பேனாவைக் கை மாற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, நேற்றுத்தான் பள்ளியில் சேர்ந்த பிள்ளை போல ‘அ. பார்த்திபன்’ என்று கோணல்மாணலாகப் போடுவார். போட்டு முடித்ததும் பேனா வலது கைக்குத் திரும்பி, பக்கத்தில் தேதியை அழகாக எழுதும்.

திருப்போரூர் அரசுக் கால்நடை மருந்தகத்தில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் இப்படிச் செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நான் மாட்டு டாக்டர். ஆனாலும் கெஜட்டில் பெயர் வந்த அதிகாரி என்பதால் பச்சை மையில் கையெழுத்துப் போடும் யோக்கியதை எனக்கு உண்டு. வேலைக்கோ படிப்புக்கோ எதற்கு விண்ணப்பித்தாலும் ‘சான்றொப்பம் பெற்ற நகல்’ கேட்கிறார்கள். தாசில்தாரைப் பிடிக்க நாலு நாள் ஆகும், டாக்டர் என்றால் உடனே போடுவார் என்று ஊரில் பேச்சு. அதனால் காலை நேரத்தில் சினை ஊசிக்கு வந்த பசுக்களுக்கு நடுவே மார்க் ஷீட் நகலைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். பசுக்கள் உதைப்பதோடு விட்டுவிடும். இந்தக் கூட்டம் என் உயிரை எடுக்கும்.

பார்த்திபன் உயிரை எடுக்காதவர். ஓரமாக நிற்பார், கடைசியில் வருவார். செங்கல்பட்டில் ஒரு வரி ஆலோசகரிடம் குமாஸ்தா. மாமல்லபுரத்துச் சிலைக்கடைகள், லாட்ஜுகள், ஓட்டல்கள் எல்லாவற்றிலும் விற்பனை வரிக் கணக்குக்காக பில் வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். 50-ல் சுற்றுவார். சட்டைப்பையில் சீப்பு, கைக்குட்டையில் திருநீற்றுப் பொட்டலம், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. பார்த்தால் முப்பது, முப்பத்திரண்டு சொல்லலாம்.

“பேப்பர்ல ஜாஸ்தி சார்” என்பார்.

என் உதவியாளர் வரதன் வாசலில் நின்று “பார்த்திபன்!” என்று கூப்பிட்டால் அவர் உடனே எழுந்து வர மாட்டார். முதலில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து யாரும் எழுந்து வரவில்லை என்று உறுதியான பிறகுதான் தாம் எழுந்திருப்பார். வரதனுக்கு இது பிடிக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டான்.

“இன்னா அண்ணாத்த, காது கேக்கலயா? பேரு ஒன்னுதுதானே?”

“என்னுது இல்ல அண்ணாத்த” என்றார் இவர் சிரித்துக்கொண்டே. வரதன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டான். நானும்தான்.

அது தமாஷ் இல்லை என்று தெரிந்தது மாமல்லபுரத்தில். கோமாரித் தடுப்பூசி போட அந்தப் பக்கம் போயிருந்தேன். உச்சி வெயில். என் ஜீப் வரவில்லை, அவருடைய வண்டி பட்டறையில் கிடந்தது. பேருந்து நிலையம் வரை பேசிக்கொண்டே போகலாம் என்று இருவரும் நடந்தோம். சவுக்குத் தோப்பு ஓரமாக அகலமான மண் பாதை. இவரோ பாதையின் விளிம்பில், முள்ளை மிதித்துவிடுவாரோ என்று பயப்படும்படி ஒட்டி ஒட்டி நடந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் தாராளமாக இடம் கிடந்தது.

“நடுவுல யாருக்கு இடம் விட்டு வர்றீங்க?” என்று கேலியாகத்தான் கேட்டேன்.

“அண்ணனுக்கு சார்” என்றார்.

பிறகு தாமாகவே சொன்னார். அவர் பெயர் துரைக்கண்ணு. பார்த்திபன் என்பது அவருக்கு முன்னால் பிறந்த அண்ணனின் பெயர். “நான் கைக்கொயந்தயா இருக்கச் சொல்ல அண்ணன் ஜொரம் வந்து போய்ட்டாரு சார். மொகம் கூட எனக்குத் தெரியாது. போட்டோ ஒண்ணும் கெடையாது.” அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. இறந்ததை யாரும் போய் எழுதி வைக்கவில்லை. இவர் வீட்டிலேயே பிறந்தவர், இவருக்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் சான்றிதழ் கேட்டாராம். தகப்பனார் அப்பாசாமி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, இருந்ததை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். “நல்ல பேரு, சும்மாத்தானே கெடக்குது” என்று சொன்னாராம்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அப்போது இது பெரிய அதிசயமில்லை. போன பிள்ளையின் தாளில் இருக்கிற பிள்ளை பள்ளிக்கூடம் போகும். கொஞ்ச நாளில் எல்லோரும் அதை மறந்தும் விடுவார்கள். இந்த வீட்டில் தாய் பூவாயி அம்மாள் மறக்கவில்லை.

காலையில் பையனை அனுப்பும்போது, “அண்ணனோட பத்தரமா போ. கரை மேல ஓடாத. அவன் நடுவுல வரட்டும், நீ ஓரமா போ” என்பாராம். ஏரிக்கரை மேல் பையன் தனியாகத்தான் போவான். ஓரமாகவே போவான். பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். “அது அவன் பேரு. அவன் கையால போடு” என்று அம்மா சொல்லிவிட்டார். செத்துப்போன பிள்ளை நொட்டாங்கைப் பழக்கக்காரன். ரிசல்ட் வந்த அன்று, “பார்த்திபன் பாஸ் பண்ட்டான்டா துரை!” என்று இவரிடமே ஓடிவந்து சொல்லி, இவர் வாயிலேயே சர்க்கரை போட்டாராம்.

“பாஸானா அவரு சார், பெயிலானா நான்” என்றார். “பி.காம்ல ஒரு பேப்பர் போச்சி. அம்மா என்னத்தான் திட்டுச்சி. ‘ஒன்னாலதான் அவன் படிப்பு கெட்டுப்போவுது’ன்னுச்சி.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். அவர் ஒரு விளிம்பிலும் நான் மறு விளிம்பிலுமாக நடந்துகொண்டிருந்தோம். எப்போது ஒதுங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வழியில் ஒரு சிலைக்கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கோதண்டராமன் இவருடைய வாடிக்கை. மூக்கு மட்டும் முடிந்த அம்மன்களுக்கும் கண் திறக்காத புத்தர்களுக்கும் பின்னால் போய், கருங்கல் பலகை ஒன்றைத் தூக்கி நிறுத்தினார் கோதண்டராமன். ‘அ. துரைக்கண்ணு, வரி ஆலோசகர்’ என்று செதுக்கியிருந்தது.

“பரிச்ச பாஸ் பண்ணி ஆபீஸ் தொறக்கச் சொல்ல மாட்டிக்கலாம் சார். கல்லு, மழைக்கு அழியாது” என்றார் கோதண்டராமன். பெயருக்குக் கீழே இன்னும் ஏதோ எழுத வேண்டியதுபோல் வெறும் கல் மீதம் இருந்தது. எனக்குக் கல்லறைதான் ஞாபகம் வந்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். இவர் கைக்குட்டையால் அந்த எழுத்துக்குள் இருந்த தூசியை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

பரீட்சை என்றது வரி ஆலோசகர் தேர்வை. சென்னையில் ஒரு கழகம் நடத்துகிறது. முதலில் மாணவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண் வந்தால்தான் பாடப் புத்தகம், அதற்குப் பிறகுதான் பரீட்சை. பதிவில் இருக்கும் பெயர்தான் சான்றிதழில் வரும், பிறகு மாற்ற முடியாது. அவருடைய முதலாளி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். இவர் இரண்டு தடவை விண்ணப்பத்தை நிரப்பி என்னிடம் கொண்டுவந்தார். புகைப்படம் ஒட்டியிருக்கும், நகல்கள் தயாராக இருக்கும், பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலி. இரண்டு தடவையும் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இந்த ஒண்ணயாவது நான் எழுதணும் சார். கண்ணு முழிக்கிறது நானு. செக்‌ஷன் செக்‌ஷனா மனப்பாடம் பண்றது நானு. இதுலயும் அவரு பேரப் போட்டா, அப்பறம் நான்னு ஒருத்தன் எங்க சார் கீறேன்?” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கெஜட்டில் பெயர் மாற்றிக்கொள்ளலாமே, பார்த்திபன் ஆகிய நான் இனிமேல் துரைக்கண்ணு என்று ஒரு விளம்பரம்தானே என்று நான் யோசனை சொன்னேன். வக்கீலும் அதையே சொன்னாராம். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அப்டிப் போட்டா அண்ணன் பேரு மாத்திக்கினாருன்னுதான் சார் ஆவும். நான் வந்ததா ஆவாது. ரெண்டு பேரு இருந்தோம், ஒருத்தர் போய்ட்டாரு, நான் இன்னொருத்தன்னு எழுதணும்.” அதைச் சொல்ல அவருக்கு ஒரே சாட்சிதான் மிச்சம். தகப்பனார் காலமாகிவிட்டார். பங்காளிகள் மனையை விற்றுக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டார்கள். தாய் ஓர் அரசு அதிகாரி முன்னால் வாக்குமூலம் கொடுத்துக் கைநாட்டு வைத்தால், அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம் என்று வக்கீல் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். அது இல்லையென்றால் அண்ணன் பேரில்தான் பதிவு.

“உங்கம்மா ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“வர்றேன்னு சொல்லிக்கீது சார்” என்றார். “எங்கப்பா போனதுலேருந்து அது என்ன பேரச் சொல்லியே கூப்புடறது இல்ல. ‘ஏம்பா’தான். துரைன்னு ஒரு வாட்டி அது வாயால சொல்லிட்டா போதும்.”

பதிவுக்குக் கடைசி வாரம். காலையில் தாயும் பிள்ளையும் வந்தார்கள். பூவாயி அம்மாள் மெலிந்த உடம்பு, தெளிவான கண். பெஞ்சில் உட்கார்ந்ததும் கட்டியிருந்த பசுவைப் பார்த்து, “இது ஈன எத்தினி நாளாவும் டாக்டரே?” என்று விசாரித்தார். நான் ஒரு கணக்குச் சொல்ல, அவரும் விரலை மடக்கிப் பார்த்து ஆமாம் என்றார். புத்தி தடுமாறியவர் என்று யாரும் சொல்ல முடியாது.

கைநாட்டு வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. படித்தேன். “எனக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவன் பார்த்திபன் சிறு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். இங்கே என்னுடன் வந்திருப்பவன் இளையவன் துரைக்கண்ணு.” அந்த அம்மாள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். வரதன் ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவருடைய இடது கட்டைவிரலை மையில் புரட்டினான். விரல் தாளுக்கு மேலே வந்து நின்றது.

“மாத்தி எழுதிக்கீறீங்க டாக்டரே.”

“எதும்மா?”

“செத்தது சின்னவன்தானே.”

இவர் எழுந்துவிட்டார். “அம்மா, இன்னா பேசற? நான்தாம்மா சின்னவன். நான்தான் துரை.”

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பிள்ளையை அண்ணாந்து பார்த்த பார்வையில் அவ்வளவு வாஞ்சை. “நீ அப்போ கொயந்தப்பா. ஒனக்கு இன்னா தெரியும்? அமாவாசைக்கு அமாவாசை படைக்கிறமே, ஆருக்குன்னு நெனச்சிக்கினு கீற? தொரைக்குத்தான். நீதானப்பா தேங்கா ஒடைக்கிற.”

எனக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். இத்தனை வருஷமாக அண்ணனுக்கு என்று நினைத்து இந்த மனிதர் தமக்கே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசலில் பசு காதை ஆட்டும் சத்தம் கூடக் கேட்டது. அவர் என் மேஜையைப் பார்த்தார், வரதனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்பதுபோல் இருந்தது. நான் என்ன சொல்ல? அவருடைய மார்க் ஷீட் நகல்களில் இவர்தான் பார்த்திபன் என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர் துரைக்கண்ணு என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர் இந்த உலகத்தில் அந்த அம்மாள் ஒருவர்தான்.

வரதன் மெதுவாக, “கொஞ்சம் வச்சி எடும்மா, அவ்ளோதான்” என்றான்.

“இவன் வைக்கச் சொன்னா வைக்கிறேன்” என்றார் அந்த அம்மாள். விரல் அந்தரத்திலேயே இருந்தது. “ஏம்பா, இத வச்சிட்டா எனக்குப் புள்ளையே இல்லன்னு ஆயிடுமே. பரவால்லியா? வைக்கட்டுமா?”

அவர் பெஞ்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பேண்டுக்குள் விட்டிருந்த இஸ்திரி போட்ட சட்டையின் நுனியை வெளியே இழுத்து, எச்சிலில் நனைத்து, அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் இருந்த மையை ரேகை ரேகையாகத் துடைக்கத் தொடங்கினார்.