காஜா அண்ணன் ஒட்டிய கெட்டி மேளம்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த காஜா அண்ணனுக்கு முழுப் பாட்டு தேவையே இல்லை. நடுவில் எங்கோ ஒரு புல்லாங்குழல் துண்டு வரும், அது போதும். அந்த இடத்து நாடாவை பிளேடால் வெட்டி, இரண்டு முனைகளையும் செலோ டேப்பால் ஒட்டி, வளையமாக்கி டெக்கில் ஓட விடுவார். வளையம் பெரிதாகி கேசட்டுக்கு வெளியே தொங்கினால், ஒரு பென்சிலை நட்டுக்குத்தலாகப் பிடித்து அதைச் சுற்றி ஓட வைப்பார். அதே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். கேட்கிறவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். அவருக்கு மட்டும் முகமெல்லாம் பல்.

“பாய், அடுத்த வரிக்குப் போகவே மாட்டீங்களா?” என்று எதிர் டீக்கடைக்காரர் கத்துவார்.

“இந்த வரியே இன்னும் தீரலீங்களே!” என்பார் இவர்.

பதிவுக்குக் கொடுத்த பாட்டில் தனக்குப் பிடித்த இடத்தை இரண்டு தடவை சேர்த்துக் கொடுத்துவிடுவார். கேசட்டை அவர் மேலேயே விட்டெறிந்தவர்களும் உண்டு. எனக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. நான் விட்டெறியவில்லை, கேட்டுக் கேட்டு மகிழ்ந்தேன். அதனால்தான் என் கல்யாணத்துக்கு மைக் செட் காஜா அண்ணன்தான் என்று அப்பாவிடம் ஒற்றைக் காலில் நின்றேன்.

எண்பத்தாறாம் வருஷம், ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளை மாதேஸ்வரன் பஸ் கண்டக்டர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. பிடிக்காத ஆள் ஒருத்திதான், அவருடைய அத்தை தங்கம்மாள். அவளுக்கும் கட்டிக்கொடுக்கும் வயதில் மகள் இருந்தாள். அண்ணன் மகன் கைவிட்டுப் போகிறானே என்ற வயிற்றெரிச்சலோடுதான் பந்தலில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கென்றே வந்தது போல, முகூர்த்த நேரத்தில் மேளக்காரர்களைக் காணோம். பொம்மிடியிலிருந்து வர வேண்டிய முனியப்பன் செட்டு, பஸ் ரிப்பேராகி வழியில் நிற்பதாக சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். தங்கம்மாள் எழுந்து நின்றாள்.

“மேளம் கொட்டாம எங்க வூட்டுப் பையன் தாலி கட்ட மாட்டானுங்க. ஆடி போவட்டும், ஆவணியில பாத்துக்கலாம்.”

ஆவணி வரைக்கும் விட்டால் மாப்பிள்ளை எந்த வீட்டு மாப்பிள்ளையாக இருப்பார் என்பது பந்தலில் இருந்த கைக்குழந்தைக்கும் தெரியும். அப்பா பந்தலுக்கும் ரோட்டுக்குமாக ஓடினார். நான் மணையில் உட்கார்ந்தபடி பல்லைக் கடித்தேன்.

“மாமா, செத்த பொறுங்க. எங்கிட்ட மேளம் இருக்குது!” என்று மைக் செட் பக்கமிருந்து காஜா அண்ணனின் குரல் வந்தது.

போன மாதம் நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தார். கெட்டி மேளம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கேசட் தீர்ந்துவிட்டதாம். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு தாலியைத் தூக்கக்கூட முடியாது. அதற்குத்தான் பிளேடும் செலோ டேப்பும் இருக்கின்றனவே! வெட்டினார், ஒட்டினார், பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெட்டின அவசரத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. “கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்று நல்லம்பள்ளியில் யாரோ போட்ட சத்தமும் துண்டோடு சேர்ந்து வந்துவிட்டது. வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் அது முழங்கியதும், ஐயர் தாலியை எடுக்கும் முன்பே பந்தலே அட்சதையை அள்ளி வீசியது. “இன்னும் இல்லை, இன்னும் இல்லை!” என்று ஐயர் கையை ஆட்டினார். அதற்குள் வளையம் ஒரு சுற்று வந்து, மறுபடியும் “கெட்டி மேளம்!” மறுபடியும் அட்சதை. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊர்க் கை சும்மா இருக்காது, பழக்கம் அப்படி.

அட்சதை தீர்ந்தது. சமையல்காரர் சோற்றுக்கு வைத்திருந்த அரிசியைக் கூடையோடு கொண்டுவந்தார்கள். மாதேஸ்வரன் கண்ணுக்குள் அரிசி, சட்டைக்குள் அரிசி. தாலிக் கயிறு விரலில் நிற்காமல் வழுக்குகிறது. நிஜ மேளக்காரர்களாக இருந்தால் மூச்சு வாங்கி நிறுத்தியிருப்பார்கள். இது நிற்குமா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கழுத்து குலுங்கினால் அவர் எப்படி முடிச்சுப் போடுவார்? “அசையாதீங்க” என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் கட்டியே விட்டார்.

முன்னால் நின்ற கூட்டம் மறைத்ததால் காஜா அண்ணனுக்கு அது தெரியவில்லை. பென்சிலை விட்டால் நாடா சிக்கிவிடும் என்று அசையாமல் நின்றார். மேளம் சுற்றிக்கொண்டே இருந்தது. தங்கம்மாள் அந்தச் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்.

“குழாய் கத்துனா மேளமா? இது செல்லாது! ஆளு வாசிக்கோணும்!”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் சிரிப்பு நின்றுபோனது. தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பால் வண்டி ஒன்று வந்து நின்றது. நாதஸ்வரத்தோடு குதித்த முனியப்பன், வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். தங்கம்மாள் “செல்லாது, செல்லாது” என்று கத்திக்கொண்டிருக்க, குழாய்க்குக் கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

“ஆரு சொன்னது செல்லாதுன்னு? அதுல வாசிக்கறது நாந்தானுங்க! நான் வாசிச்சுக் கட்டுன தாலி எது செல்லாம போச்சு, சொல்லுங்க பாக்கலாம்?”

பதிலுக்குக் காத்திருக்காமல், குழாயில் ஓடும் தன் வாசிப்போடு தானே சேர்ந்து ஊதினார். தவில்காரர் வண்டியிலிருந்து இறங்காமலேயே அடித்தார். பந்தல் அதிர்ந்தது. குழாயில் மறுபடியும் “கெட்டி மேளம்!” தங்கம்மாளின் கை, அவளைக் கேட்காமலேயே, கூடையிலிருந்து அரிசியை அள்ளி எங்கள் தலையில் போட்டுவிட்டது.

“அத்தையே போட்டுட்டாங்க!” என்று மாதேஸ்வரன் எழுந்து நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.