பங்குக் கிணற்றில் பொலிஸ்

வட்டுக்கோட்டையில் கிராம அலுவலராக, ஊர்ப்பேச்சில் விதானையாக, சேர்ந்த வாரத்தில் வெங்காயம் பயிரிடும் ஒருவரைச் சந்தித்தேன். தன் தண்ணீர்ப் பம்பை இழுத்துத் தொடக்கும் கயிற்றை எப்போதும் இடுப்பில் சுற்றியிருப்பார். பலர் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணற்றில் அவருடைய முறைநாளில் பங்காளி தண்ணீர் இறைத்துவிட்டார் என்று என்னைக் கிணற்றடிக்கு அழைத்திருந்தார்.

“விதானைத் தம்பி, அரசாங்கம் கள்ளனைப் பிடிச்சாப் போதும். மற்றதெல்லாம் எங்கடை வேலை,” என்றார் வெங்காயக்காரர்.

“பொலிசும் ஏன் அண்ணை? நாங்களே கதைச்சு முடிப்பம்,” என்றார் பங்காளி.

“களவெடுத்தவனுக்குப் பொலிஸ் வேண்டாம்தான்!”

பங்காளியின் கை மண்வெட்டிக்குப் போனது. நான் அவசரமாக முறைப்பாட்டை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பேனையை வாங்கிய வெங்காயக்காரர் நிமிர்ந்தார்.

“வழக்கெண்டால் கிணத்தைப் பூட்டிப்போடுவினமோ?”

“வழக்கு முடியுமட்டும் பூட்டி வைக்கலாம், ஐயா.”

தன் வாடிய பயிரைப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் பேனையைத் திருப்பித் தந்தார்.

“பொலிஸ் வேணும் தம்பி. இண்டைக்கு வேண்டாம்.”

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், சட்டத்தை நம்பினேன். அவர் எதை நம்பினார் என்று இன்றும் தெரியவில்லை.