எந்தப் பக்கம் முதுகு

ஃபெரிதுன் ஹோஜாவின் அப்பா கொத்தனார். அப்பா கட்டிய வீடொன்று நிலநடுக்கத்தில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மகன் மண்ணைப் பற்றிப் படிக்கப் போனார். இன்று துருக்கியில், இஸ்மிர் நகரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் வாத்தியார். வாத்தியார் எல்லாரும் இங்கே ஹோஜாதான். நான் அவர்களுக்கு டீ போடுகிறவன்.

நகரத்தில் எந்தெந்தத் தெரு கடலை மூடி எழுப்பியது, நிலம் ஆடினால் எது முதலில் சரியும் என்பதுதான் அவருடைய பாடம். அந்தப் பாடம்தான் அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம். புதுச் சட்டம் வந்தது. அரசாங்க வாரியம் ஒப்புக்கொள்ளாத எதையும் வகுப்பில் பேசக்கூடாதாம். இவர் பாடத்தை நிறுத்திவிட்டார்கள்.

வாத்தியார்கள் சத்தம் போடவில்லை. தினமும் மத்தியானம் கறுப்பு அங்கியோடு புல்வெளிக்கு வந்து, துணைவேந்தர் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவ்வளவுதான். சட்டம் முஜ்கான் ஹோஜா என்ற அம்மாவுக்குத் தண்ணீர் பட்டபாடு. இந்த யோசனையும் அவருடையதே.

துணைவேந்தர் ஃபெரிதுனைக் கூப்பிட்டு, "அந்தக் கூட்டத்துல நிக்காதீங்க, வாரியத்துல பேசி உங்க பாடத்தை வாங்கித் தரேன்" என்றார். இவரும் தலையாட்டினார். மறுநாளே அங்கியோடு நின்றார்.

"என்ன ஹோஜா, சரின்னுட்டு வந்தீங்களே?" என்று கேட்டேன்.

"முதுகுலயா பேர் எழுதியிருக்கு, இல்யாஸ்?"

ஒரு திங்கட்கிழமை துணைவேந்தர் கூரை ஒழுகுகிறதென்று எதிரே இருக்கிற நூலக மாடிக்கு அறையை மாற்றிக்கொண்டார். இது தெரியாமல் இவர்கள் வழக்கம்போல் வந்து நின்றார்கள். நேர் எதிரே ஜன்னலில் அவர் நின்று கையசைத்தார்.

"அட கஷ்டமே, அவருக்கு அணிவகுப்பு மரியாதை குடுக்கிற மாதிரியில்ல இருக்கு! திரும்புங்க!" என்றார் முஜ்கான்.

"கட்டடத்துக்குத்தாம்மா முதுகுன்னு தீர்மானம் போட்டோம், ஆளுக்கில்ல" என்றார் ஒரு கிழவர்.

"அப்ப கட்டடமா நம்ம பாடத்தை நிறுத்துச்சு?"

அங்கேயே விவாதம். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், கிழவரும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். ஃபெரிதுன் மட்டும் அசையவில்லை. தன் முகத்தை அவர் பார்த்துவிட்டார் என்ற திகில்.

துணைவேந்தர் இறங்கி வந்தார். "எல்லாரும் முதுகைக் காட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் என் முகம் பார்த்து நின்னீங்க. உங்க பாடம் நடக்கும்" என்று எல்லார் எதிரிலும் கையைக் குலுக்கினார்.

அன்று என் டீக்கடையில் முஜ்கான், "நல்ல விலைக்குத்தான் போயிருக்கீங்க, ஹோஜா" என்றார்.

"நான் ஒண்ணும் பண்ணல. அசையல, அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்றேன்."

பாடம் ஆரம்பித்தது. முதல் வகுப்பிலேயே அறை கொள்ளவில்லை. டீக்கடையில் வாத்தியார்கள் யாரும் அவர் மேஜைப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"பாடம் வேணும் இல்யாஸ். ஆனா இப்படி வாங்கினதை வச்சுக்கவும் முடியல."

"அப்ப திரும்பி நில்லுங்க."

"திரும்பினா பாடம் போயிடுமே."

"அப்ப நிக்காதீங்க."

"போயும் போயும் உங்கிட்ட கேட்டேன் பாரு!"

மறுநாள் மத்தியானம் அங்கி இல்லாமல், தன் பழைய சாம்பல் கோட்டோடு வந்தார். அந்தக் கோட்டைப் பின்னாலிருந்து பார்த்தாலே யாரென்று வளாகமே அறியும். நூலகத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். சாயங்காலமே அனுமதி ரத்து.

முஜ்கான் தானே டீ எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். "சபாஷ்!" என்றார்.

"கடலை மூடின அந்தத் தெருக்காரங்க சபாஷ் சொல்லுவாங்களா?" என்றார் ஃபெரிதுன்.

செய்தது சரியா என்று பிறகு நான் ஃபெரிதுனிடம் கேட்டேன். "தெரியலப்பா" என்றார். எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு நேரத்துக்கு அறை வாசலில் போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் சிலர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.