சின்னப் போன் கேட்டவள்

என் இடது கை விரல்கள் சரியாக மடங்காது. மாவடிப்பள்ளி வீதியில் மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையிலிருந்து விழுந்த நாள் முதல் அப்படித்தான். ஒரு கையால் சமைக்கவும் கரும்பலகையில் எழுதவும் பழகிக்கொண்டேன். ஆனால் இந்தக் காலத்துப் போனை ஒரு கையால் பிடித்து, அதே கையால் எழுத மட்டும் எனக்கு வரவேயில்லை.

முன்பு சின்னதாக ஒன்று வைத்திருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், பெருவிரல் திரையின் நாலு மூலைக்கும் போகும். சோறு கொதிக்கும்போதும் பாடசாலை விட்டு வரும்போதும் திருக்கோவிலில் இருக்கும் என் சிநேகிதிக்கு எழுதிக்கொண்டே இருப்பேன். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் ஒரே அறை. வீட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாததை அவளுக்குத்தான் சொல்வேன். பேசிப் பதிந்து அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் இருமினால் எல்லா அறைக்கும் கேட்கும்.

அந்தப் போன் பழசாகி, மெசேஜ் அனுப்பும் ஆப் இனி இதில் ஓடாது என்று ஒரு நாள் அதுவே அறிவித்தது. கல்முனையில் என் காக்காவுக்குப் போன் கடை. கூடப்பிறந்த அண்ணனின் கடை இருக்க அடுத்தவர் கடைப் படியேறினால், எங்கள் ஊரில் அது இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்துகிற விஷயம். நான் நேரே காக்காவிடம் போனேன்.

"காக்கா, இதே அளவில எனக்கு ஒண்டு வேணும்."

"அது இப்ப வாறல்ல தங்கச்சி. கம்பெனிக்காரன் செய்யிறதே இல்ல. சனம் கேக்கிறது பெரிசைத்தான்."

"நான் சின்னன் கேக்கிறனே. நானும் சனந்தானே?"

காக்கா சிரித்தார். கண்ணாடி அலுமாரியில் இருந்தவை எல்லாம் பலகை பலகையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று கமரா, நாலு கமரா. நான் படம் எடுப்பதே பெருநாளைக்குத்தான். இயர்போன் குத்தும் ஓட்டையையும் அடைத்துவிட்டிருந்தார்கள். இதையெல்லாம் எந்தச் சனம் போய்க் கேட்டது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"கம்பெனி ஆள் வரக்குள்ள நான் சொல்றன், நீ யோசியாத. இப்போதைக்கு இதைக் கொண்டு போ" என்றார் காக்கா. அவர் வாக்கை நம்பி ஒரு பலகையைக் காசு கொடுத்து வாங்கினேன்.

அதை மேசையில் வைத்தால்தான் எழுத முடிந்தது. திரையும் பெரிது, எழுத்தும் பெரிது. ஒரு பின்னேரம் என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "இந்த மனிசன் ஒரு நாளும் என்ட கதைய முழுசாக் கேட்டதில்ல" என்று சிநேகிதிக்கு எழுதியிருந்தேன். அதை அவர் சத்தமாக வாசித்தார். ஏசவில்லை. "அப்படியா சங்கதி" என்றுவிட்டுப் பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து சிநேகிதிக்கு நான் எழுதியதெல்லாம் "சுகம்", "வேலை", "பிறகு எழுதுறன்" என்பவைதான். என்னோடு ஏதும் கோபமா என்று அவள் கேட்டாள். அதற்கான பதில் மேசையில் வைத்து எழுதக்கூடியதல்ல. அவளும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள். நான் பயந்துபோனேன். கடைப்பக்கம் போகும்போதெல்லாம் காக்காவைப் பிடித்து நச்சரித்தேன்.

"சொன்னீங்களா காக்கா?"

"சொன்னன், சொன்னன். பாப்பமெண்டு சொல்றாங்க."

போன பாடசாலை விடுமுறையில் கடையின் உள்பக்கக் கதிரையில் இருந்தேன். என் போனுக்குத் திரைக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். சலாம் சொல்லிவிட்டு, கையில் இருந்த டெப் கணினியைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"சின்ன சைஸ்ல ஒரு மொடல் திரும்பச் செய்ற யோசின இரிக்கி. இந்தப் பக்கம் அப்படி ஆரும் கேக்கிறாங்களா? கேக்கிற ஆக்கள் இருந்தாத்தான் இங்க அனுப்புவாங்க."

இதோ, இப்போது சொல்லப்போகிறார் என்று காக்காவின் வாயையே பார்த்தேன்.

"சீ, இந்தப் பக்கம் ஒருத்தரும் கேக்கிறல்ல சேர். நீங்க பெரிசைத் தாங்க. கூட வித்தா கம்பெனி தாற துபாய்ப் பயணத்துக்கு எனக்கு இன்னும் கொஞ்சந்தானே விக்க இரிக்கி."

நான் எழும்பிவிட்டேன். "காக்கா, நான் கேட்டனே. எத்தின தரம் கேட்டன்!"

கம்பெனி ஆள் திரும்பிப் பார்த்தார். அவர் விரல் டெப்பின் மேல் நின்றது. ஒரு சொல் போதும், அது பதிவாகியிருக்கும்.

"அது நம்மட தங்கச்சி சேர்" என்றார் காக்கா. "கஸ்டமர் இல்ல."

அந்த மனிதர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

சொன்னன், சொன்னன் என்றதெல்லாம் பொய். ஊரில் பெரிய வியாபாரி என் காக்கா என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். அந்த இடத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பெனி ஆள் போனதும் காக்கா ஒரு போன் கவரை எடுத்து நீட்டினார்.

"இந்தா, சும்மா வெச்சுக்க. ஏன் மூஞ்சியத் தூக்கிற? ஒரு போன்தானே."

நான் அதை வாங்கவில்லை. அவர் சொல்லுவார், சொல்லுவார் என்று நான் காத்திருந்த அந்தக் காலத்தில்தான் என் சிநேகிதி எனக்கு எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.