கொழுகொழு குழந்தை படம் போட்ட டப்பா

மூடியைத் திறந்ததும் ஒரு தித்திப்பு வாசனை எங்கள் ஒற்றை அறை முழுக்கப் பரவும்; கருவாட்டு வாடையும் அடுப்புக்கரிப் புகையுமே பழகிய என் மூக்குக்கு அது பணக்கார வீட்டு வாசனையாகப் பட்டது. எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. ராயபுரம் கல்மண்டபத்தில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எட்டு மாதத் தம்பி அந்தோணி, அம்மா கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பால் பிழிந்து காய்ச்சிக் கொடுத்த கூழில் நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தெருவுக்கு வந்து, பிள்ளைக்காரிகளைக் கூட்டி, கூழில் சத்தே இல்லை, படித்தவர்கள் எல்லாம் குழந்தைக்கு இந்த டப்பா மாவைத்தான் தருகிறார்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு டப்பா இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டப்பாவில் சிரித்த குழந்தையை நம்பினாள். அன்றோடு கூழ் நின்றது.

இலவசம் தீர்ந்ததும் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. அப்பாவின் கூலிக்குக் கட்டுப்படியாகாமல், நாலு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டு, மீதியை "அடிபம்பு" தண்ணீரால் நிரப்பினாள். ஒரே மாதத்தில் தம்பியின் தொடைச் சதை வற்றியது, பிறகு வயிற்றுப்போக்கு. அழக்கூடத் தெம்பில்லாதவனை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நர்ஸம்மா அம்மாவைத்தான் திட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்தாயா, அளவு டப்பாவிலேயே இருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டார். அம்மா தலைகுனிந்துகொண்டு, "கொயந்த படம் போட்டுகீதே, நல்லதுன்னு நெனச்சிட்டேம்மா" என்றாள். அந்த அளவு இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் தெருவில் யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினார்களோ!

தம்பி பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தது, காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு மேரியக்காதான். "நம்ம வூட்டுக் கூழு இன்னா பாவம் பண்ச்சி? என் நாலு புள்ளைங்களும் இத்த குட்ச்சித்தானே வளந்துச்சிங்க" என்று அம்மா கையில் கிண்ணத்தைத் திணித்தார்.

இன்று அந்தத் தெருவில் ஆட்டுக்கல் ஒன்றுகூட இல்லை. அதே கேழ்வரகு, சர்க்கரை கலந்து, அட்டைப்பெட்டிக்குள் புகுந்து, மருந்துக்கடையில் "சத்துணவு" என்ற பெயரில் விற்கிறது. வயிறு எரிகிறது எனக்கு. அம்மா சாகும்வரை, எண்ணூரில் வேலை முடிந்து வரும் தம்பியின் நரைத்த தலையைத் தடவி, "நாந்தான்டா உன்னிய கொல்லப் பாத்தேன்" என்பாள். டப்பா கொடுத்தவரை ஒருநாளும் ஒரு வார்த்தை ஏசியதில்லை. அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.