தாம்போதிப் பட்டி

பதின்மூன்று பாசிமணி அகலம், நடுவில் ஒரு வரி சாம்பல். அந்தச் சாம்பல்தான் ரோட்டு. கையில் கட்டும் மணிக்கூட்டுப் பட்டி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும்; மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியும் கடலுக்கு நடுவே அப்படித்தான் கிடக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒவ்வொரு நாளும் அதன் மேலால் பஸ்ஸில் போய்வந்தால் போதும்.

மன்னார் டவுனில் ஒரு கைப்பணி நிலையத்தில் எங்கள் சிலருக்குப் பாசிமணியில் மணிக்கூட்டுப் பட்டி கோர்க்கப் பழக்கினார்கள். உங்கள் இடத்தைப் பற்றி நீங்களே ஒரு டிசைன் போடுங்கள் என்றார் பொறுப்பாக இருந்த மிஸ். மற்றவர்கள் கட்டத் தாளில் கழுதையும் பெருக்கமரமும் வரைந்தார்கள். நான் தாம்போதியைப் போட்டேன். வெறும் நீலத்தில் அந்தத் தண்ணீர் வராது. கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சேற்று நிறம் கலக்க வேண்டும். மூன்று தரம் அறுத்துக் கோர்த்தேன். பட்டியின் மேல்பாதியில் ரோட்டுக்கு இடப்பக்கம் பூநாரைகள், ஒன்றுக்கு நான்கு மணி. கீழ்ப்பாதியில் தண்ணீர் மட்டும். மேல்பாதி, காலையில் நான் போவது. யன்னலோரம் இடம் கிடைக்கும். கீழ்ப்பாதி, பின்னேரம் திரும்புவது. நெரிசலில் நின்றுகொண்டு வருவேன், அடுத்தவரின் தோள்தான் தெரியும். காணாத பறவையை எப்படிக் கோர்ப்பது?

மிஸ் அதைத் தன் கையில் கட்டிப் பார்த்தார். கழற்ற மனமில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. பிறகு அட்டை எழுதும் வேலை வந்தது. ஒவ்வொரு டிசைனோடும் அதைப் போட்டவளின் கதை சொல்லும் சின்ன அட்டையும் கடைக்குப் போகும். எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டார். முருங்கன் பக்கம் என்றேன். அம்மா அப்பா? கலவரத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்கள் என்றேன்.

"அப்ப நீங்கள் மலையகம்தானே. கடலைப் பற்றி உங்கட கதை எண்டா வாங்குற ஆக்கள் நம்பமாட்டினம். நீங்கள் தேயிலை ஒண்டு கீறுங்கோ."

தாம்போதிப் பட்டி, எனக்குப் பக்கத்தில் இருந்து கோர்த்த, வங்காலை என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளையின் பெயரில் போவதென்று முடிவானது. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அட்டைக்குத் தோதான அப்பா. அவள் என்னைப் பார்க்காமல் ஊசியில் நூலை ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம்தான் கூட வந்தது. களவு கொடுத்தவள் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேயிலைச் செடியை நான் கண்ணால் கண்டதில்லை. குசினியில் இருந்த தேயிலைப் பக்கெற்றைப் பார்த்து, பதின்மூன்று மணிக்குள் அடங்கும்படி இலைகளை அகலமாக்கிப் போட்டேன். வயலில் கூலி வேலை முடித்து வந்த அம்மா பட்டியை வாங்கிப் பார்த்தாள். ஒரு காலத்தில் கொழுந்து பறித்தவள்.

"இது கொழுந்தில்லடி, முத்தின எல. இதக் கூடையில போட்டா கங்காணி கொட்டிருவாரு."

நான் திருத்தவில்லை. மிஸ்ஸுக்கு அந்த முத்தின இலை நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் நினைவில் இருக்கும் மலைகளைப் பற்றி அட்டையில் நாலு வரி அவரே எழுதிவிட்டார்.

கொழும்பில் கண்காட்சி நடந்தபோது நானும் வங்காலைப் பிள்ளையும் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றோம். ஒரு பெண் தாம்போதிப் பட்டியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பறவைகள் ஏன் ஒரு பாதியில் மட்டும் இருக்கின்றன என்று கேட்டார். பிள்ளைக்குத் தெரியாது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து தேயிலைப் பட்டிகளை அடுக்கினேன்.

"பின்னேரத்தில அதுகள் கூட்டுக்குப் போயிடும், மிஸ்" என்றாள்.

என் பஸ் நெரிசலைவிட அது எவ்வளவோ அழகாக இருந்தது. அந்தப் பெண் மகிழ்ந்துபோய் அதை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் வந்து, ஒரு தேயிலைப் பட்டியை எடுத்து, அட்டையை வாசித்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

எங்கள் நிலையத்து மிஸ் அப்போது அங்கே இல்லை. பிள்ளை மிச்சக் காசு எடுக்கப் போயிருந்தாள். முருங்கன் என்று சொல்ல எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை.

"ஹட்டன் பக்கம்" என்றேன்.