கடைசிக் கூட்டில் போடாத மருந்து

பாகூர் கடைத்தெருவில் முத்துசாமியின் மளிகைக் கடைக்குள் போனவர் சட்டென்று வெளியே வர முடியாது. கூட்டம் ஒன்றும் இருக்காது. அவர் நிறுப்பதற்குத்தான் நேரம் ஆகும். ஐம்பது கிராம் மிளகுக்கு நாலு மணியைப் போடுவார், இரண்டு மணியை எடுப்பார், பிறகு பொட்டலம் மடிக்கும் காகிதத்தின் எடையைக் கழிப்பார். எலக்ட்ரானிக் தராசு வாங்கிய பிறகும் பழைய தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்க்காமல் அவருக்கு மனசு ஆறாது. எதிரே தையல் கடை வைத்திருக்கும் நான் இதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை வந்ததா, இருந்த பொறுமையும் போனதா என்று தெரியவில்லை.

இப்படி அளவாக வாழ்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவனுக்குப் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது. முத்துசாமியிடம் அதிகமாகப் புத்தி வாங்கியவன் அவர் மனைவி வள்ளியம்மையின் தம்பி குழந்தைவேல். குருவிநத்தத்தில் ஆற்றோரம் கரும்பு போட்டிருக்கிறான். உரத்தைக் கையால் அள்ளி வீசுகிறவன், பூச்சிமருந்தைக் கண்ணளவில் கலக்குகிறவன். "இன்னாடா கணக்கு இது? கண்ணு இன்னா படிக்கல்லா?" என்று முத்துசாமி கேட்பார். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னா சரி மாமா" என்பான். மறுநாளும் கையால்தான் அள்ளுவான்.

இருவரிடமும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. இரண்டும் ஒற்றைக் குழல், இரண்டுக்கும் ஒரே தோட்டாதான். முத்துசாமியுடையது அப்பா காலத்தில் கடைக் காவலுக்கு வாங்கியது; அவ்வப்போது சுடும் பயிற்சிக்கு எடுத்துப் போவார். குழந்தைவேலுடையது பயிர்க் காவலுக்கு. கரும்பில் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒன்று வெடிப்பான், பன்றி ஆற்றுப் பக்கம் ஓடிவிடும்.

தோட்டாவுக்கு டவுனுக்குப் போனால் பாதி நாள் "சரக்கு இல்ல" என்பார்கள். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பித் தோட்டா ஆக்கலாம் என்று முத்துசாமிக்கு யாரோ சொன்னார்கள். விடுவாரா? நிறுப்பதுதான் வேலை, அதுவும் வெடிமருந்தை நிறுப்பது! ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். சொந்த உபயோகத்துக்கு மட்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. டவுன் துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னது ஒன்றுதான்: "நடுவுல எழுந்து போகாதீங்க. போனா, வந்ததும் எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க." கேட்டதும் முத்துசாமிக்குச் சிரிப்பு வந்ததாம். இதை நமக்கா சொல்ல வேண்டும் என்று.

தன் கையால் முதல்முதலாகத் தோட்டா நிரப்பப் பின்கட்டில் உட்கார்ந்தார். அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும் மொத்தமாக நிறுத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டார். முட்டை அட்டையின் குழிகளில் வெற்றுக் கூடுகளை நிற்க வைத்தார். ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக நிறுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கூடு ஒன்றுதான் பாக்கி. வாசலிலிருந்து வள்ளியம்மையின் குரல் கேட்டது. தெருக்கோடி பாத்திரக் கடைக்காரர் போய்விட்டார் என்று.

எங்கள் தெருவில் சாவுச் சேதி வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். 'இதோ முடித்துவிட்டு வருகிறேன்' என்பது செத்தவருக்கு மரியாதை இல்லை. நானும் பாதி வெட்டிய ஜாக்கெட் துணியில் கத்தரிக்கோலை விட்டுவிட்டுத்தான் போனேன். முத்துசாமி கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பிணத்தை எடுத்து முடித்து, தலைமுழுகி அவர் வீட்டுக்குள் நுழையும்போது குழந்தைவேல் வந்து உட்கார்ந்திருந்தான். சாவுக்கு வந்தவன், அப்படியே அக்காவைப் பார்க்க வந்திருக்கிறான்.

"பன்னி ரொம்ப அட்டகாசம் மாமா. தோட்டா காலி. டவுன்ல கேட்டா இல்லன்றான். நீங்க செய்றீங்களாமே?"

கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் மச்சான் கேட்டுவிட்டான், அதுவும் தன் கைவேலையை. பெருமை யாரை விட்டது? "இரு, முடிச்சுக் குடுக்கறேன்" என்று உள்ளே போனார். எல்லாக் கூட்டிலும் மருந்து போட்டாகிவிட்டது என்றே அவர் நினைப்பு. கூடு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கலாம். மச்சான் பைக் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். மடமடவென்று மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கும் தக்கையை அழுத்தி, குண்டைப் போட்டு, வாயை மடித்து, பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் பின்கட்டை ஒழுங்கு செய்யும்போது கிண்ணத்தைத் திறந்தார். அடியில் மருந்து இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தார். சரியாக ஒரு தோட்டாவுக்கான அளவு.

தராசு பொய் சொல்லாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர் அன்றைக்கு அது பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டாராம். மறுபடி நிறுத்தார். அதே அளவுதான். டப்பாவில் போன தோட்டாக்களில் ஒன்றில் மருந்து இல்லை. அதைச் சுட்டால் கூட்டின் அடியில் இருக்கும் கேப்பு மட்டும் வெடித்து, தக்கை பாதி வழி போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். பிளந்தால் சுடுகிறவன் கை போகும், கண் போகும். இதையும் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

பொழுது சாயும்போது போன் போட்டார். எடுத்தது குழந்தைவேலின் மனைவி சிந்து. "அவரு மாட்டுக்குத் தீனி போடறாருண்ணா. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

முத்துசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வாயைத் திறந்தால் மச்சானுக்கு இத்தனை காலம் சொன்ன புத்தியெல்லாம் திரும்பி வந்து தன் கன்னத்தில் அறையும். ஊருக்கு உபதேசம் பண்ணினவர் சிந்துவின் காது கேட்க எப்படிச் சொல்வார்? கடைசியில் கேட்டது இதுதான்: "கரும்புக்குத் தண்ணி கட்னியாப்பா?"

"கட்டினேன் மாமா."

"தோட்டா எப்படி இருக்கு?"

"சூப்பர் மாமா. இப்பத்தான் வெடிச்சிட்டு வந்தேன். டமார்னு வெடிக்குது."

போனை வைத்தார். அப்பாடா என்று ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அந்த அப்பாடா என்ற நினைப்பே அவரைக் குத்தியது. ஒன்று வெடித்ததால் எல்லாம் வெடிக்குமா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வள்ளியம்மை கேட்டதற்குச் சாவு வீட்டு நினைப்பு என்றார். சொந்தத் தம்பியின் உயிரைப் பற்றி அக்காவிடமே பொய். அதை என்னிடம் சொல்லும்போது அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த நாள் காலை கடை திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு குருவிநத்தம் போனார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனார்: மருந்தில் ஈரம் பட்டுவிட்டது, டப்பாவைத் திருப்பிக் கொடு. மானமும் மிஞ்சும், மச்சானும் பிழைப்பான்.

குழந்தைவேல் வாசலிலேயே நின்றான். துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தான்.

"இன்னா மாமா, இவ்ளோ காலையில? கரும்புல பன்னி இருக்குதாம், ஆளு வந்து சொன்னான். ஒண்ணு வெடிச்சுட்டு வந்துடறேன், வூட்ல உக்காருங்க."

"உள்ள தோட்டா இருக்கா?"

"நேத்தே போட்டு வெச்சிட்டேன்."

"மொதல்ல அத்த எடு. எடுடா!"

முத்துசாமி இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவினான். அவர் குழலை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தார். மறுமுனையில் ஒரு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தது.

நீளக் குச்சியை விட்டுத் தள்ளியதும் தக்கை வந்து விழுந்தது. குழந்தைவேல் தலையைச் சொறிந்தான்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன் மாமா. நேத்து மொதல்ல போட்டது நல்லா வெடிச்சுது. ரெண்டாவது புஸ்ஸுன்னு போச்சு. பாவம், மொதமொதல்ல செஞ்சிருக்காரு, சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு..."

மாமன் தன் மானத்துக்காக வாயை மூடினார். மச்சான் மாமனின் மானத்துக்காக வாயை மூடினான். எங்கள் மாமன் மச்சான் மரியாதையில் மண்ணள்ளிப் போட! அந்த மரியாதை இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் வெடித்திருக்கும்.

அடைத்த குழலில் அடுத்தது சுட்டால் என்ன ஆகும் என்று முத்துசாமி சொன்னார். சிந்து தக்கையைப் பார்த்தாள், புருஷன் கையைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். வரும்போது தட்டில் ஆரத்தி இருந்தது.

"சாமி மாதிரி வந்தீங்கண்ணா. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, சுத்திடறேன். அண்ணிக்குப் போன் பண்ணி நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு சொல்லப் போறேன்."

"நில்லுங்க மாமா" என்று குழந்தைவேல் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். கண் கலங்கியிருந்தான். ஈரம் பட்ட மருந்துப் பொய்யைச் சொல்ல வேண்டிய அவசியமே இப்போது இல்லை. சும்மா நின்றாலே போதும். அவரால் நிற்க முடியவில்லை.

"எனக்குச் சுத்தாதம்மா. நான் காப்பாத்தல. அதுல மருந்து போடாம விட்டது நான்தான். கிண்ணத்துல மிஞ்சினத பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

குழந்தைவேல் அவர் கையை விடவில்லை. "அதனால இன்னா மாமா, யாருக்கும் ஆவறதுதான்" என்றான். சிந்து தட்டைத் தாழ்த்தினாள். பிறகு கேட்டாள்.

"முந்தாநாளா பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயந்திரம் போன் பண்ணி, கரும்புக்குத் தண்ணி கட்னியான்னு கேட்டீங்களேண்ணா. அப்ப தெரியுமா?"

மாடு கழுத்து மணியை ஆட்டியது. குழந்தைவேல் மாமாவைப் பார்த்தான்.

"தெரியும்மா" என்றார் முத்துசாமி.

அவர் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. சிந்து தட்டைத் தூக்கினாள். புருஷனுக்கு மட்டும் மூன்று முறை சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். தண்ணீரைத் தெருவில் கொட்ட அவள் வந்தபோது முத்துசாமி வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.